நாய் மசாஜ் கற்க 45 ஆயிரம் கட்டலாமா?

கேள்வி: பெட் குரூமிங் கடை ஒன்றில் சில வருடங்களாக வேலை செய்கிறேன். நாய்களுக்கான மசாஜ், ஃபிட்னஸ், ரீஹாப் (அடிபட்ட, அறுவை சிகிச்சை முடிந்த நாயைப் பழையபடி நடமாட வைக்கும் பயிற்சி) மூன்றையும் ஆறே வாரத்தில் ஆன்லைனில் கற்றுத்தருவதாக இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்தேன். கட்டணம் 45,000 ரூபாய், இன்றே கட்டினால் 30,000. சர்வதேசச் சான்றிதழ் உண்டாம். முடித்ததும் 'கேனைன் பிசியோதெரபிஸ்ட்', அதாவது நாய்களுக்கான பிசியோதெரபிஸ்ட் என்று போர்டு வைத்துக்கொள்ளலாமாம். சேரலாமா?
– வாசகி, கோவை

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள். 'இன்றே' என்று விரட்டுகிறவர்கள் அடுத்த வாரமும் அதே விலையோடு போன் செய்வார்கள். கொஞ்சம் பிகு செய்தால் இன்னும் இறங்கவும் கூடும்.

முதலில் அந்த போர்டு விஷயம். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி, பதிவுபெற்ற கால்நடை மருத்துவரைத் தவிர வேறு யாரும் கால்நடை மருத்துவம் பார்க்கக் கூடாது. ஐந்தரை வருடம் பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் பட்டம் படித்துப் பதிவு செய்தவர்களுக்கான உரிமை அது. நொண்டுகிற நாயைப் பார்த்து 'முட்டி லிகமெண்ட் கிழிந்திருக்கிறது' என்று சொல்வதும், அதற்கு இன்ன சிகிச்சை என்று முடிவு செய்வதும் உங்கள் வேலையல்ல, சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் சரி. டாக்டர் எழுதிக்கொடுத்த பயிற்சிகளை அவர் மேற்பார்வையில் செய்யவைப்பது, நல்ல உடம்போடு இருக்கும் நாய்க்குப் பிடித்துவிடுவது, குண்டான நாயை நடக்கவும் பலகை ஏறவும் பழக்குவது இவையெல்லாம் உங்களால் முடியும். அதற்குள்ளேயே தாராளமாகப் பிழைப்பு இருக்கிறது. ஆனால் விளம்பரம் விற்பது அந்த எல்லையைத் தாண்டிய கனவை.

அடுத்து, 'சர்வதேசம்'. இந்தத் துறையில் உலகம் அறிந்த சான்றிதழ்கள் சில உண்டு. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகம் வழங்கும் சி.சி.ஆர்.பி. ஒன்று. கேனைன் ரீஹாபிலிடேஷன் இன்ஸ்டிடியூட் வழங்கும் சி.சி.ஆர்.டி. இன்னொன்று. இரண்டிலும் யார் வேண்டுமானாலும் சேர முடியாது. கால்நடை மருத்துவர், மனித பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களுக்குத்தான் இடம். நோயாளி நாய்களின் மேல் கை வைத்துப் பழகாமல் அவற்றை முடிக்கவும் முடியாது. சி.சி.ஆர்.டி.க்கு 40 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சியே உண்டு. டென்னசியிலேயே சி.சி.எஃப்.டி. என்று ஃபிட்னஸுக்கு மட்டும் தனிப் படிப்பு இருக்கிறது, நாய் டிரெயினர்கள் நாடுவது அதைத்தான். ஆக, ஃபிட்னஸ் வேறு, ரீஹாப் வேறு என்று அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். இங்கே மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஆறு வாரத்தில் தருகிறார்கள் என்றால் எதைக் குறைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

விளம்பரத்தின் அடியில் 'ஐ.எஸ்.ஓ. 9001', 'எம்.எஸ்.எம்.இ. பதிவு பெற்றது' என்று முத்திரைகள் இருக்கிறதா பாருங்கள். ஐ.எஸ்.ஓ. என்பது நிறுவனம் நடத்தப்படும் முறைக்கு, பாடத்தின் தரத்துக்கு அல்ல. எம்.எஸ்.எம்.இ. எனப்படும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் பதிவை அரசின் உத்யம் இணையதளத்தில் எந்தத் தொழில்முனைவோரும் காசில்லாமல் தானே செய்துகொள்ளலாம், இட்லிக் கடைக்கும் கிடைக்கும். அது கல்விக்கான அங்கீகாரம் ஆகாது.

என்னைக் கேட்டால், அவர்களுக்கு போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எந்த நாய்க்கு மசாஜ் செய்யவே கூடாது?' உண்மையில் கற்றுத்தருகிறவர்கள் அதில்தான் தொடங்குவார்கள். உண்ணிக் காய்ச்சலில் கிடக்கும் நாய், தோலுக்கடியில் இன்னதென்று தெரியாத கட்டி உள்ள நாய், எலும்பு முறிவு, ஆறாத தையல் என்று பதில் வர வேண்டும். நேற்றுவரை ஓடிய டாக்ஸ்ஹண்ட் (நீள உடம்பும் குட்டைக் காலும் உள்ள இனம்) இன்று பின்னங்காலை இழுக்கிறது என்றால் தண்டுவட டிஸ்க் பிதுங்கியிருக்கலாம். அங்கே முதுகை அமுக்குவது ஆபத்து, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய கேஸ். இதையெல்லாம் விட்டுவிட்டு 'எல்லா நாய்க்கும் செய்யலாம் மேடம், நேச்சுரல் தெரபிதானே' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். பாடம் நடத்தும் டாக்டரின் பதிவு எண்ணையும் கேளுங்கள். மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அந்த 30,000-ஐக் கையில் வைத்துக்கொண்டு, பிசியோ பிரிவு உள்ள கிளினிக் ஒன்றில் வார இறுதி உதவியாளராக முதலில் சேருங்கள். அறுவை சிகிச்சை முடிந்த நாயை எப்படித் தூக்குவது, வலித்தால் அது காதையும் உதட்டையும் எப்படி வைத்துக்கொள்கிறது என்பதை எந்த வீடியோவும் கற்றுத்தராது. பிறகு, நேரடிப் பயிற்சியுள்ள ஃபிட்னஸ் படிப்பு எதிலாவது சேருங்கள். வெளிநாட்டுப் படிப்பென்றால் டாலர் விலையோடு கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: இதே மாதிரி ஒரு படிப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். 'நேரடிப் பயிற்சி' என்றார்கள், வந்ததோ பழைய வீடியோக்கள். 'கட்டணம் திரும்பத் தரப்படாது' என்ற நிபந்தனையைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், திருச்சி

பதில்: சொன்ன சேவையைக் கொடுக்காதவர்கள் அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது மூன்றையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முதலில் காணாமல் போவது விளம்பரம்தான். எழுத்தில் பணம் கேளுங்கள். மசியவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அதற்கெல்லாம் முன்னால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். அதற்குக் கெடு குறுகியது.

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஒன்பது வயது, இடுப்பு மூட்டுத் தேய்மானம். மசாஜ் கன், பேலன்ஸ் டிஸ்க் (ஏறி நின்று சமநிலை பழகும் காற்றடைத்த தட்டு) என்று மகன் ஆர்டர் போடத் துடிக்கிறான். வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: மசாஜ் கன் வேண்டாம். மனிதத் தசைக்குச் செய்தது அது. தேய்ந்த மூட்டின் மேல் அதிர்வடித்தால் நாய்க்கு வலிதான் மிச்சம். பேலன்ஸ் டிஸ்க்கை டாக்டர் சொன்னால் வாங்குங்கள்.

முதல் செலவு தரைக்கு. வழுக்கும் டைல்ஸில் அந்த இடுப்பு ஒவ்வொரு முறை எழும்போதும் தடுமாறும். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை ரப்பர் மேட் போட்டுவிடுங்கள். அடுத்தது சாப்பாடு. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து அமெரிக்காவில் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. தட்டில் மிஞ்சிய பிரியாணியை யார் போடுகிறார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள்.

கையில் காசு இருந்தால் தண்ணீருக்குள் நடக்கவைக்கும் டிரெட்மில் உள்ள இடத்தில் சில அமர்வுகள் எடுக்கலாம். இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கால்கள் தாங்குவது உடல் எடையில் சுமார் 38 சதவீதம்தான், வலியில்லாமல் தசை வேலை செய்யும். மொத்தமாக இருபது அமர்வு பேக்கேஜ் என்று பேசுவார்கள். முதலில் மூன்றுக்கு மட்டும் கட்டி, நாய் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியைப் பேசுங்கள்.