ஃபிளாப் இறங்காவிட்டால் விமானி என்ன செய்வார்?

தென்னாப்பிரிக்காவில், பெரும்பாலும் டர்பன் பக்கத்து நம் ஆட்கள் கேட்டவை. ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு; மெதுவாகப் பறக்கும்போதும் விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும். பல வருடம் ஜெட் விமானம் ஓட்டியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த் அக்கா: டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்கப்போன எங்கள் விமானம் மேலே ஏறிக் கடல்மேல் அரை மணி நேரம் சுற்றியது. ஃபிளாப் கோளாறாம். உடனே இறக்கியிருக்கக் கூடாதா அண்ணா?

கூடாது அக்கா. அவர்கள் செய்ததுதான் சரி. ஃபிளாப் இல்லாமலும் விமானம் நன்றாகவே பறக்கும், மெதுவாகப் பறக்கத்தான் முடியாது. அந்த அரை மணி நேரத்தில் ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் செக்லிஸ்ட்டை வரி வரியாக வாசித்து, புது வேகத்தையும் ஓடுபாதை எவ்வளவு தேவை என்பதையும் கணக்குப் போட்டிருப்பார். எரிபொருள் இருக்கும்போது அவசரப்படுவதுதான் ஆபத்து.

டொங்காட் தம்பி: பாதியில் சிக்கினால் ஏன் தள்ளி இறக்கக் கூடாது?

ஒரு இறக்கையில் இறங்கி மறுபக்கம் இறங்காவிட்டால் விமானம் ஒருபக்கமாகச் சாயும். அதனால் வித்தியாசம் தெரிந்த உடனே அமைப்பு தானே பூட்டிக்கொள்ளும். அப்புறம் லீவரை ஆட்டிப் பார்க்கவே கூடாது. ஃபிளாப்பைத் தள்ளும் ஹைட்ராலிக் (திரவ) அழுத்தம் மட்டும் போயிருந்தால் கதை வேறு. போயிங் 737 போன்றவற்றில் மின்மோட்டாரால் மெதுவாக இறக்கலாம்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஒருவர்: ஜோகன்னஸ்பர்க்கில்தான் நீளமான ஓடுபாதை இருக்கிறதே, அங்கே போவது நல்லதில்லையா?

நல்ல கேள்வி. அங்கே சுமார் 4,400 மீட்டர், கிங் ஷாகாவில் 3,700. ஆனால் ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு, அதனால் அதே தூக்குவிசைக்கு விமானம் இன்னும் வேகமாக ஓட வேண்டும். வழக்கமாக 140 நாட் (knot, மணிக்குச் சுமார் 260 கி.மீ.) வேகத்தில் இறங்கும் விமானம் ஃபிளாப் இல்லாமல் 185இல் வருகிறது என்று வையுங்கள். டர்பனில் தரைவேகமும் கிட்டத்தட்ட அதேதான். ஜோகன்னஸ்பர்க்கிலோ, எதிர்காற்று இல்லையென்றால், அது 200ஐத் தாண்டும். இந்த அளவு ஜெட்களின் டயர்களுக்குப் பெரும்பாலும் 195 நாட்தான் எல்லை! நானாக இருந்தால் டர்பனையே எடுப்பேன். ஃபிளாப் இறங்கிய நிலையில் சிக்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம்: காற்றின் இழுவையால் எரிபொருள் வேகமாகத் தீரும், தூரம் போக முடியாது.

ஃபீனிக்ஸ் தங்கை: மூக்கு ரொம்ப மேலே தூக்கியிருந்ததே?

ஃபிளாப் இல்லாமல் தேவையான தூக்குவிசை கிடைக்க அப்படித்தான் வர வேண்டும். தரை தொடும்போது இன்னும் தூக்கினால் வால் உரசிவிடும். அதனால் மெத்தென்று இறக்கப் பார்க்காமல் கொஞ்சம் அழுத்தமாகவே சக்கரத்தை வைப்பார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாமா: தீயணைப்பு வண்டிகள் பின்னாலேயே ஓடிவந்தன. தீப்பிடித்ததா?

இல்லை மாமா. 140க்குப் பதில் 185 என்றால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் சுமார் முக்கால் மடங்கு கூடுதல். பிரேக் பழுக்கக் காய்ந்துவிடும். சக்கரத்தில் உள்ள சிறு உலோக அடைப்பு உருகி, டயர் வெடிக்காமல் காற்றை வெளியேற்றவும் செய்யலாம். அந்தச் சூட்டைப் பார்க்கத்தான் வண்டி வருகிறது. ஊழியர்கள் சொல்லும்வரை சீட்டிலேயே இருங்கள். இறங்கச் சொன்னால், பையை மேலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.