பழைய வீட்டை இடிக்கலாமா? – கடிதம்

வணக்கம் ஐயா,

தாத்தா கட்டிய வீடு எனக்கும் அண்ணனுக்கும் தங்கைக்குமாக வந்திருக்கிறது. நூறு வயதைத் தாண்டிய வீடு. எங்கள் பகுதி முழுவதையும் பாரம்பரியப் பகுதியாக அறிவித்திருப்பதால் இடிக்க அனுமதி வாங்க வேண்டும். சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, பூச்சு பொரிந்து கொட்டுகிறது. முன்னறையில் ஒரு விட்டம் தொய்ந்திருக்கிறது. வந்து பார்த்த பொறியாளர், பழுதுபார்க்கிற செலவில் புதிதாகவே கட்டிவிடலாம், தானே கட்டித் தருகிறேன் என்கிறார். வேண்டுமானால் முகப்புச் சுவரை மட்டும் நிறுத்திக்கொள்ளலாமாம். அண்ணனோ, "பூட்டிப் போடு, நாலு மழையில் தானாக விழுந்துவிடும், அப்புறம் எவனும் அனுமதி கேட்க மாட்டான்" என்கிறார். தங்கைக்கு இடிக்க மனசே இல்லை. எங்கள் வீட்டை நாங்கள் என்ன செய்தால் ஊருக்கு என்ன என்ற கோபம் எனக்கு. இந்த வீட்டுக்காக நாங்கள் வீணாக உணர்ச்சிவசப்படுகிறோமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் அண்ணன் சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் நிதானமாக யோசிக்கலாம், இது பொறுக்காது. பூட்டிப் போட்ட வீடு யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு நாள் உட்கார்ந்துவிடாது. கூரையில் ஒரு இடத்தில் தண்ணீர் இறங்கும், விட்டத்தின் முனை மக்கும், சுவர் பிதுங்கும். அது சரிகிற நேரத்தில் தெருவில் யார் நடந்துபோவார்கள் என்று உங்கள் அண்ணனால் சொல்ல முடியுமா? பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அவர்கள் வீட்டையும் சேர்த்து இழுக்கும். அனுமதித் தொல்லையும் இதனால் தீராது. இந்த வழியைப் பலரும் கையாண்டு பார்த்துவிட்டார்கள் என்பதால், பல ஊர்களின் பாரம்பரியச் சட்டங்களில் உரிமையாளர் கூரையையும் சுவரையும் குறைந்தபட்சம் காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறது. கோபமாகச் சொல்வதாக அவர் நினைத்தாலும் பரவாயில்லை. இடிப்பதென்றால் முடிவெடுத்து, கையெழுத்துப் போட்டு, பாதுகாப்பாக இடியுங்கள். மழையை ஏவிவிட்டு ஒதுங்கி நிற்காதீர்கள்.

இனி வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் கோளாறுகள் எல்லாமே பெரும்பாலும் தண்ணீர் செய்கிற வேலை. ஒன்று கேட்கிறேன். அந்தச் சுவர்களில் கீழ்ப்பகுதிக்கு எப்போதாவது சிமெண்ட் பூசினீர்களா? பூசியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், அதைப் பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படியும். அப்படிப்பட்ட ஒரு சுவரைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று உள்ளே காலியாகக் கேட்கும். உளியை வைத்து நெம்பினால் பூச்சு பலகை பலகையாகக் கழன்று வரும், அதன் முதுகில் செங்கல்லின் தோலும் ஒட்டிக்கொண்டு வரும். பின்னால் வெள்ளையாக உப்பு, விரலால் தேய்த்தாலே உதிர்கிற செங்கல் பொடி. பார்ப்பவர் சுவரே செத்துவிட்டது என்றுதான் சொல்வார். ஆனால் அந்தப் பூச்சை எடுத்துவிட்டு, உப்பைத் துடைத்து, சில மாதம் காயவிட்டு, சிதைந்த கற்களை மட்டும் மாற்றிச் சுண்ணாம்பு பூசினால் நிமிர்ந்துவிட்ட சுவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடவே வெளியே போய்ப் பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டு வெளித்தரை உங்கள் தளத்தைவிட உயர்ந்திருக்கிறதா, கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே விழுகிறதா? அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை பூசினாலும் வீண்.

விட்டம் தொய்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல பத்தாண்டுகள் பாரம் சுமந்த மரம் கொஞ்சம் வளைந்து, அப்படியே நிலைத்து நிற்பதும் உண்டு. பார்க்க வேண்டியது சுவருக்குள் செருகியிருக்கும் அதன் முனைகளை. ஈரம் முதலில் அங்கேதான் பிடிக்கும். கூரான கருவியால் குத்தினால் நல்ல மரம் இறங்க விடாது, மக்கியது வெண்ணெயாக இறங்கும். முனை மட்டும் கெட்டிருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது மரத்தைப் பொருத்தலாம், இரும்புப் பட்டை கொடுத்துத் தாங்கலாம். விரிசல் இருந்தால் அதன்மேல் கண்ணாடிப் பட்டையை ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். சில மாதத்தில் உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. உடையாவிட்டால் அது என்றோ வந்து நின்றுபோன விரிசல்.

உங்கள் பொறியாளர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலான பொறியாளர்கள் கான்கிரீட்டையும் கம்பியையும் வைத்தே தொழில் கற்றவர்கள், சுண்ணாம்புச் சுவர் அவர்கள் கண்ணுக்குப் பலவீனமாகத்தான் தெரியும். அதோடு இடித்தால் கட்டப்போகிறவரும் அவரே. பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்த அனுபவமுள்ள, இந்த வேலையில் வேறு லாபம் எதிர்பார்க்காத ஒருவரிடம் கட்டணம் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பழுது என்றால் எந்தெந்தப் பழுது, எது உடனடி, எது தள்ளிப்போடலாம் என்று பிரித்துக் கேளுங்கள். மொத்தத் தொகை ஒன்றை மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். புதிது கட்டுவதன் கணக்கில் இடிக்கும் கூலியும் இடிபாட்டை அப்புறப்படுத்தும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஊருக்கு என்ன உரிமை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒரு தெருவின் அழகை எந்த ஒரு வீடும் தனியாகத் தருவதில்லை. வரிசையாக ஒரே உயரம், ஒரே கோட்டில் முகப்பு, ஜன்னல்களின் இடைவெளி எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தெரு. தனிக் கட்டடங்களை மட்டும் காப்பாற்றினால் போதாது என்று புரிந்த பிறகே பகுதி முழுவதையும் காக்கும் சட்டங்கள் வந்தன. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரம் 1931இல் கொண்டுவந்தது, பிரான்சில் எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது 1962இல் வந்தது. நியூயார்க்கில் 1910இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த அதிர்ச்சிதான் 1965இல் அந்த நகரத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் வர ஒரு பெரிய காரணம். எங்கள் சொத்தில் தலையிட நீ யார் என்ற உங்கள் கேள்வி அங்கேயும் எழுந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட அனுமதி மறுத்தது சொத்தைப் பறிப்பதாகாது என்று 1978இல் தீர்ப்பானது. கட்டடத்தை இப்போதுபோலவே பயன்படுத்தி நியாயமான வருமானம் பெற முடிகிறதே என்பது அதில் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் காரணத்துக்குள்ளேயே உங்கள் பக்க நியாயமும் இருக்கிறது. ஊர் முழுக்க ரசிக்கிற ஒன்றுக்கு ஒரு குடும்பம் மட்டும் செலவு செய்ய வேண்டும் என்பது அநியாயம். பிரான்சில் மால்ரோ பெயரிலேயே புதுப்பிப்புச் செலவுக்கு வரிச்சலுகை உண்டு. உங்கள் ஊர் விதிகளில் மானியம், வரிக்குறைப்பு, இலவச ஆலோசனை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். வீட்டைக் காப்பாற்றுவது உண்மையிலேயே சக்திக்கு மீறியது என்று நிரூபித்தால் விலக்குத் தருகிற பிரிவு பல ஊர்களில் இருக்கிறது. அதற்கும் நான் சொன்ன அறிக்கைதான் ஆதாரம்.

முகப்பை மட்டும் நிறுத்துகிற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. புதுக் கட்டடத்தின் தளங்கள் பழைய ஜன்னல்களோடு பொருந்தாமல் ஜன்னலுக்குக் குறுக்கே தளம் ஓடுகிற வீடுகள் எத்தனையோ. முன்கட்டை முழுதாகப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டு, பின்னால் இன்றைய வசதிக்கு இன்றைய முறையிலேயே ஒரு பகுதி கட்டுங்கள். மூவருக்கும் இடம் போதாது என்றால் அதுவும் ஓரளவு தீரும்.

அறிக்கையில் அஸ்திவாரம் இன்னும் இறங்குகிறது, மரங்களில் பெரும்பகுதி போய்விட்டது என்று வந்தால் இடியுங்கள். குற்றவுணர்வு வேண்டாம், உயிரைவிட வீடு பெரிதில்லை. நீங்கள் கேட்டதற்கு நேராகச் சொல்வதென்றால், தங்கை உணர்ச்சிவசப்படுவதில் எனக்குத் தவறு தெரியவில்லை, சரியாகப் பார்க்காமலே வீடு போய்விட்டது என்று முடிவுகட்டியதில்தான் தெரிகிறது. இடித்துவிட்டு மூன்று மாதம் கழித்து, பார்த்திருக்கலாமோ என்று மூவரில் ஒருவர் சொன்னாலும் அது குடும்பத்துக்குள் நெடுநாள் உறுத்தும்.

எனவே இந்த வாரமே கூரையில் ஒழுகும் இடத்துக்குத் தார்ப்பாய் போடுங்கள், அந்த விட்டத்துக்குக் கீழே முட்டுக் கொடுங்கள், முன்னறையில் யாரும் படுக்க வேண்டாம். அறிக்கை வந்ததும் எழுதுங்கள். இடிப்பதுதான் வழி என்று அதில் இருந்தால், அதற்குமுன் வீட்டை அளவெடுத்து வரைந்து வைப்பது பற்றியும், எந்த மரங்களைக் கழற்றி மறுபடி பயன்படுத்தலாம் என்பது பற்றியும் பேசலாம்.

அன்புடன்.