வலது கை செய்வது இடது கைக்குத் தெரியுமா?

ஒரு கையால் வட்டம், இன்னொரு கையால் சதுரம் என்று ஒரே நேரத்தில் வரைந்து பார்த்தேன். இரண்டும் உருளைக்கிழங்கு மாதிரி வந்தன. என் மூளையில் ஏதாவது கோளாறா?
– கல்லூரி மாணவர், திருச்சி

கோளாறு இருந்திருந்தால்தான் நன்றாக வரைந்திருப்பீர்கள்!

வலது கையை மூளையின் இடது பாதி இயக்குகிறது, இடது கையை வலது பாதி. மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறிவிடுகின்றன. இரண்டு பாதிகளுக்கும் நடுவே சுமார் 20 கோடி இழைகளால் ஆன பாலம் ஒன்று உண்டு. கார்பஸ் கலோசம் என்று பெயர். ஒரு பாதி தன் கைக்குப் போடும் திட்டம் அந்தப் பாலத்தில் கசிந்து அடுத்த பாதிக்கும் போய்விடுகிறது. உங்கள் உருளைக்கிழங்கு அப்படி வந்ததுதான்.

மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள சிலருக்கு இந்தப் பாலத்தை வெட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், இவர்களுடைய இரு கைகளுக்கும் வெவ்வேறு வடிவம் கொடுத்து வரையச் சொன்னார்கள். நாம் திணறுகிற வேலையைத் திணறாமல் செய்தார்கள். ஆனால் பிரிந்தது வடிவம் மட்டும்தான். இரண்டு கைகளின் நேரக்கணக்கு அப்போதும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடியது. அந்தக் கணக்கு இந்தப் பாலத்தை மட்டும் நம்பி இல்லை.

பொறாமைப்பட வேண்டாம். ஷூ லேஸ் கட்டுவது போன்ற பழகிய வேலைகள் அவர்களுக்குக் கைவந்தன; இரு கையும் பேசிவைத்துச் செய்ய வேண்டிய புது வேலை என்றால்தான் பாடாய்ப் படுத்தியது.

மிருதங்கம் கற்கிறேன். மெதுவாக வாசித்தால் இரண்டு கையும் அதனதன் வேலையைப் பார்க்கிறது. வேகம் கூட்டினால் இடது கை வலது கையோடு ஒட்டிக்கொள்கிறது.
– வாசகி, கும்பகோணம்

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மேசைமேல் நீட்டி, கார் வைப்பர் போல இரண்டையும் ஒரே பக்கமாக ஆட்டுங்கள். மெல்ல வேகம் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில், நீங்கள் கேட்காமலேயே, விரல்கள் கண்ணாடிப் பிம்பம் போல உள்ளே–வெளியே என்று மாறிக்கொள்ளும். ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் 1980-களில் இதை அளந்து காட்டினார். இரு கையையும் ஒன்றுபோல ஆட்டுவது மூளைக்குச் சும்மா வருகிறது. வேறுவேறாக வைத்திருப்பதற்குத்தான் உழைக்க வேண்டும்.

அந்த உழைப்பில் பெரும்பங்கு, நெற்றிமடலின் உட்புறத்தில் உள்ள துணை இயக்கப் பகுதிக்கு. குரங்குகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பலகைத் துளையில் தின்பண்டம் செருகியிருக்கும். நல்ல குரங்கு மேலிருந்து ஒரு விரலால் தள்ளி, கீழே இன்னொரு கையை ஏந்திப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கத்துத் துணை இயக்கப் பகுதியை நீக்கிய குரங்கோ மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே இருந்தது. தின்பண்டம் எங்கே வரும்? பிறகு பாலத்தை வெட்டியதும் அந்தக் குழப்பம் போய்விட்டது!

உங்கள் கணக்குக்கு வருவோம். தடுமாற்றம் தொடங்கும் வேகத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்று பழகுங்கள். இரண்டு கையை இரண்டு வேலையாக நினைக்காமல், ‘தகதிமி’ போன்ற சொற்கட்டை வாயால் சொல்லி ஒரே ஓட்டமாக வாசியுங்கள். உங்கள் குருவும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

என் மகன் இடது கைக்காரன். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையையும் இடது முகமான தொப்பியையும் மாற்றி வைத்து வாசிக்கலாமா?
– வாசகர், கோவை

தாராளமாக. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர்தான்.

ஆறு வயது மகள் வலது கையால் எழுதும்போது இடது கை விரல்களும் சேர்ந்து நெளிகின்றன.
– ஒரு தாய், யாழ்ப்பாணம்

பயப்பட வேண்டாம். அந்தப் பாலம் முதிர வருடக்கணக்காகும். ஒரு கை வேலை செய்யும்போது மறுகையைச் சும்மா இருக்கச் சொல்லும் திறமையும் மெல்லத்தான் வரும். பத்து வயதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதன் பிறகும் பளிச்சென்று தெரிந்தாலோ, ஒரு கை பலவீனமாக இருந்தாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. ஆனால் நல்ல கையான இடது கையாலும் சீப்பைப் பிடிக்கத் தெரியாமல் விழிக்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று அம்மா வருந்துகிறார்.
– வாசகர், மதுரை

வேண்டுமென்றே இல்லை. அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். பழகிய கைவேலைகளின் திட்டம் பெரும்பாலோருக்கு இடது பாதியில்தான் உருவாகிறது, அது இடது கைக்கான வேலையாக இருந்தாலும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹூகோ லீப்மான் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைக் காட்டினார். அந்தத் திட்டம் கெட்டுப்போவதை அப்ரேக்சியா என்போம். கைக்குப் பலம் இருக்கும், சீப்பு எதற்கு என்பதும் தெரியும். ஆனால் எப்படிப் பிடித்து எங்கே கொண்டுபோவது என்பது மட்டும் வராது. “சீப்பை இப்படிப் பிடிங்கப்பா” என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, அவர் கைமேல் உங்கள் கையை வைத்துச் சீவிவிடுங்கள்.

வலது கையில் கொஞ்சமாவது அசைவு திரும்பினால் அதை மடியில் தூங்க விடாதீர்கள். துண்டு மடிப்பது, இரண்டு கையாலும் சப்பாத்திக் கட்டை உருட்டுவது, டம்ளரை வலது கை அணைத்துப் பிடிக்க இடது கையால் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நல்ல பயிற்சிதான். கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. நல்ல கையின் பிம்பத்தை, விழுந்த கை இருக்கும் இடத்தில் தெரியும்படி வைத்துப் பார்த்துக்கொண்டே அசைப்பார்கள். கை இழந்தவர்களுக்கு, இல்லாத அந்தக் கையில் தெரியும் மாயக்கை வலிக்காக, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த யோசனை இது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. பலருக்கு ஓரளவு பலன் தருகிறது. பிசியோதெரபியோடு சேர்த்துச் செய்யுங்கள், அதற்குப் பதிலாக அல்ல.

இடது கையால் எழுதப் பழகினால் வலது மூளை ‘திறக்கும்’ என்று ஒரு வகுப்பில் கட்டணம் கேட்கிறார்கள். சேரலாமா?
– வாசகர், சேலம்

வலது மூளை திறந்துதான் இருக்கிறது. நீங்கள் வலது கையால் எழுதும்போது தாளைப் பிடித்து நகர்த்துகிற இடது கையை யார் நடத்துகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கட்டணம் கட்டினால் இடது கை எழுத்து கொஞ்சம் அழகாகும். அவ்வளவுதான்.