மகள் ட்ரிபிள் ஈ கேட்கிறாள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிற கட்-ஆஃப் இருந்தும் மகள் ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) படிப்புதான் வேண்டும் என்று நிற்கிறாள், காற்றாலையில் ஏறி வேலை பார்க்கப் போகிறாளோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அவள் உங்களிடம் கேட்டதையும் எழுதியிருந்தீர்கள்: "காத்து நல்லா அடிச்சா கரண்ட் நிறைய வருமே, அப்புறம் ஏம்ப்பா வோல்டேஜ் ஆடுது?" எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் பட்டது. சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள்.

முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்களில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். அது மின்சாரம் தரும். ஆனால் தன் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரை (விளக்கெரிக்கவோ மோட்டார் சுற்றவோ செலவாகாமல், காந்தப்புலத்துக்காகப் போய்வரும் பவர்) லைனிலிருந்தே இழுக்கும். இப்படி இழுக்க இழுக்க லைனில் வோல்டேஜ் இறங்கும். அதை ஈடுகட்டத்தான் பக்கத்தில் கெப்பாசிட்டர் வைக்கிறார்கள். எங்கோ லைனில் ஃபால்ட் (ஷார்ட் சர்க்யூட் போன்ற கோளாறு) ஆகி வோல்டேஜ் சட்டென்று இறங்கினால் இயந்திரம் முன்பைவிட அதிகமாக இழுக்கும். கெப்பாசிட்டரோ அந்த நேரம் பார்த்துக் கைவிடும்: வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் அது தருவது 19 சதவீதம் குறைந்துபோகும். வோல்டேஜ் மேலும் சரியும்.

புதிய காற்றாலைகளில் இருக்கும் கன்வெர்ட்டரால் (மின்சாரத்தை வேண்டியபடி மாற்றித் தரும் எலக்ட்ரானிக் கருவி) வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கவே முடியும். ஆனால் செட்டிங் சரியாக இருக்க வேண்டும். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தன. இரண்டு நிமிடத்துக்குள் வோல்டேஜ் ஆறு முறை இறங்கி ஏறியது. அத்தனை முறை தாங்கும்படி பல காற்றாலைகளை செட் செய்திருக்கவில்லை. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் குறைந்தது. பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த லைன் பாரம் தாங்காமல் துண்டித்துக்கொள்ள, மாநிலமே இருண்டது. அப்புறம் அந்த செட்டிங்கை மாற்றினார்கள்.

இப்படி நடப்பதற்கு முன்பே கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் பவர் சிஸ்டம் ஸ்டடி என்கிற வேலை. வோல்டேஜ் இறங்கினாலும் காற்றாலை கிரிட்டை (மின்தொகுப்பை) விட்டு ஓடக் கூடாது என்று இந்தியாவிலும் விதி இருப்பதால், இதற்கு ஆள் தேவைப்படுகிறது. கோபுரம் ஏறுவது பராமரிப்புப் பிரிவு, அது வேறு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐடி கம்பெனி மாதிரி இந்த வேலை கேம்பஸுக்கு வந்து நூறு பேரை அள்ளாது. நாமாகத் தேடிப் போக வேண்டும். பல இடங்களில் பவர் சிஸ்டம்ஸில் எம்.ஈ. கேட்பார்கள். அதனால் மெஷின்ஸ், கண்ட்ரோல் சிஸ்டம்ஸ், பவர் சிஸ்டம் அனாலிசிஸ் மூன்றையும் பாஸ் மார்க்குக்காகப் படிக்கக் கூடாது. பைத்தானும் மேட்லேபும் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கட்டும். கேட் (GATE) தேர்வை விட வேண்டாம். பவர்கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கின்றன.

கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு (கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுப்பதற்கு) முன் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். பவர் சிஸ்டம் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் ஆசிரியரிடம் உங்களிடம் கேட்ட அதே கேள்வியை அவள் கேட்கட்டும். யார் போர்டில் வரைந்து விளக்குகிறாரோ, அந்தக் கல்லூரியை மேலே போடுங்கள்.