பைத்தன் பழகுவோர் கேள்விகள்: கடைசி வரியை வாசித்தீர்களா?

உயர்தரத்துக்கு ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) பாடம் எடுத்திருப்பவர்களும், பகல் வேலை முடிந்து இரவில் பைத்தன் என்ற நிரல்மொழியைப் பழகுபவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. கட்டளைகளை வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் வழக்கம்போல ஆங்கிலத்திலேயே அடியுங்கள். பிழை வந்தால் பிழைச் செய்தியின் கடைசி வரியைக் கேள்வியோடு சேர்த்து அனுப்புங்கள் என்று போன தடவையும் கேட்டிருந்தேன்.

சுன்னாகம், உயர்தர மாணவர்: சேர், அண்ணாவின் பழைய நோட்ஸில் இருந்த நிரலை அப்படியே அடித்தேன். முதல் வரியிலேயே பிழை. நோட்ஸ் பிழையா, என் கணினி பிழையா?

இரண்டும் சரி. அண்ணா படித்தது பைத்தன் 2, நீங்கள் நிறுவியிருப்பது பைத்தன் 3. பழையதில் பிரிண்ட் என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறி இல்லாமலே சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். 2008 டிசம்பரில் வெளியான பைத்தன் 3 இல் பிரிண்ட் ஒரு சார்பு (ஃபங்ஷன்), அடைப்புக்குறி கட்டாயம். பைத்தன் 2 க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்துவிட்டது. ரியூசன் நோட்ஸின் போட்டோகொப்பிகளுக்குத்தான் முடிவுத் தேதி கிடையாது.

அடைப்புக்குறியைப் போட்டவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஏழை இரண்டால் பிரித்தால் பழையதில் 3 வரும், புதியதில் 3.5 வரும். அங்கே பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் மாறிவிடும். பிரித்தல் வருகிற ஒவ்வொரு வரியையும் தனியாகப் பாருங்கள். நிற்க, உங்கள் திரையின் கடைசி வரியே 'பிரிண்டுக்கு அடைப்புக்குறி இல்லை' என்று சொல்லியிருக்கும். அதை வாசித்திருந்தால் எனக்கு எழுத வேண்டியிருந்திருக்காது.

சாவகச்சேரி, கடை வைத்திருப்பவரின் மகள்: அப்பாவின் பழக்கடைக்குச் சிறிய கணக்கு நிரல் எழுதுகிறேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் விற்ற காசு 600, விலாட்டு மாம்பழம் விற்ற காசு 450. கூட்டச் சொன்னால் 600450 என்கிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

கடைசி வரிபற்றி எழுதியிருக்கிறீர்கள், நன்றி பிள்ளை. செய்தி வராததற்குக் காரணம், பைத்தனின் கணக்கில் அங்கே பிழையே இல்லை. நாம் அடிப்பதை வாங்கும் இன்புட், எதை வாங்கினாலும் சரமாகத்தான், அதாவது எழுத்துகளின் தொடராகத்தான் தரும். நீங்கள் 600 என்று அடித்தாலும் அது ஆறு, பூச்சியம், பூச்சியம் என்ற மூன்று எழுத்துகள்தான். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் ஒட்டு என்று பொருள். அது ஒட்டிவிட்டது.

பெருக்கிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. அந்த 600 ஐ முழு எண் மூன்றால் பெருக்கினால் 600600600 வரும். அப்பா பார்த்தால் கடையையே விரிவாக்கிவிடுவார்.

இன்புட்டை அப்படியே, முழு எண்ணாக மாற்றும் இன்ட் என்பதற்குள் வையுங்கள். ஆனால் நிறை இரண்டரைக் கிலோ என்று 2.5 அடித்தால் இன்ட் அதை ஏற்காது, வேல்யூ எரர் தரும். நிறைக்கு ஃப்ளோட் (தசம எண்), காசுக்கு இன்ட். காசுக்கு ஃப்ளோட் வேண்டாம்: 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணினியின் இரும (0, 1 மட்டும் கொண்ட) எண்முறையில் 0.1 ஐ முழுமையாக எழுத முடியாததால் வரும் வினை இது. வேறு பல மொழிகளிலும் இப்படித்தான். சதம் தேவைப்பட்டால் எல்லாவற்றையும் சதமாக மாற்றி முழு எண்ணாகவே வையுங்கள்.

ஒரு சுவாரசியம்: இன்ட் தமிழ் எண்களையும் ஏற்கும். ௧௨ என்று அடித்தால் 12 என்று எடுத்துக்கொள்ளும். கல்வெட்டு வாசிக்கிற யாராவது கடைக்கு வந்தால் உதவும்.

கோண்டாவில்: இரண்டு எண்களைக் கூட்டினால் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது.

சாவகச்சேரிக்கு எழுதிய பதில்.

மானிப்பாய், உயர்தர மாணவி: சேர், எல்லா வரியும் நேராகத்தான் இருக்கிறது. கடைசி வரி 'டேப் எரர்' என்கிறது. நான் என்ன செய்ய?

உங்கள் கண்ணுக்கு நேர், பைத்தனுக்கு இல்லை. ஒரு வரியில் டேப் விசையையும் அடுத்ததில் இடைவெளி விசையையும் தட்டியிருக்கிறீர்கள். அல்லது எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை பைத்தன் உள்தள்ளலை, அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடத்தை வைத்தே முடிவுசெய்கிறது. நான்கு இடைவெளி என்று பழகுங்கள். நிரலை அடிக்கும் எடிட்டரின் அமைப்பில், டேப் தட்டினால் நான்கு இடைவெளி விழும்படி வைத்துவிடலாம். ஒட்டிய பகுதியின் உள்தள்ளலை அழித்துவிட்டுக் கையால் மறுபடி போடுங்கள்.

வல்வெட்டித்துறை: நண்பரின் பேஸ்புக் கடவுச்சொல்லைப் பைத்தனால் எடுக்க முடியுமா?

அடுத்த கேள்வி.

நெல்லியடி, அச்சக வேலை: பெயர்ப் பட்டியலை வாசித்து அச்சிட வைத்தேன். வேர்டில் அழகான தமிழ். பைத்தனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் வேலை. யாழ்ப்பாணத்து அச்சகங்களில் இன்னும் எத்தனை பேரின் கோப்புகள் பாமினியில் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அந்தக் கோப்பில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுகிறது. நீங்கள் புள்ளி வைக்கும் இடமெல்லாம் கோப்பில் அரைப்புள்ளி. பைத்தனுக்கு எழுத்துரு தெரியாது, உள்ளே இருப்பதை அப்படியே காட்டுகிறது. முதலில் ஒரு மாற்றியில் போட்டு யுனிகோட் ஆக்குங்கள், சாதாரண உரைக் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு கோப்பைத் திறக்கும் ஓப்பன் கட்டளையில் என்கோடிங் யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். விண்டோஸில் அதை விட்டால் மறுபடி குப்பை கொட்டலாம், அல்லது பிழைச் செய்தி வரலாம்.

நல்லூர்: மாறிகளுக்கு (நிரலில் மதிப்புகளை வைத்திருப்பவை) தமிழிலேயே பெயர் வைக்கலாமா? ரியூசனில் கூடாது என்கிறார்கள்.

வைக்கலாம். பைத்தன் 3 அதை அனுமதிக்கிறது. மொத்தம், விலை, நிறை என்று எழுதிப் பாருங்கள், ஓடும். முதல் மாதம் பழகுகிற பிள்ளைக்கு, எது பைத்தனின் சொல், எது தான் வைத்த பெயர் என்று பிரித்தறிய இது நல்ல வழி. தமிழில் இருப்பதெல்லாம் தன்னுடையது.

திருநெல்வேலி (யாழ்ப்பாணம்), ரியூசன் ஆசிரியர்: கூடாது என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். நாளை கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் வாசிக்க வேண்டாமா? பிள்ளைகளுக்கு இரண்டு பழக்கம் எதற்கு?

வேலைக்குச் சேரும்போது ஆங்கிலத்தில் எழுதட்டும் ஐயா, அதற்கு நான் எதிரில்லை. நான் சொல்வது முதல் மாதத்தை. உங்கள் வகுப்பில் எல்லா மாறிக்கும் எக்ஸ், வை என்று பெயர் வைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? ஆங்கிலச் சொல் வராததால்தான் அப்படி வைக்கிறார்கள். எக்ஸைவிட 'மாணவர்_தொகை' பக்கத்தில் இருப்பவருக்கு விளங்காதுதான். ஆனால் எழுதியவருக்கு விளங்கும். எக்ஸ் ஒரு கிழமை போனால் எழுதியவருக்கே விளங்காது.

ஸ்காபரோ, கனடா: அப்படியென்றால் இஃப், ஃபார் போன்ற பைத்தன் சொற்கள் எல்லாம் ஏன் ஆங்கிலத்தில்? முழுதாகவே தமிழில் நிரல் எழுத எழில் மொழி இருக்கிறதே. நீங்கள் பாதி வழியில் நிற்கிறீர்கள்.

பாதி வழிதான், தெரிந்தே நிற்கிறேன். எழில் நல்ல முயற்சி, சிறுவர்களுக்கு நானே காட்டியிருக்கிறேன். ஆனால் உயர்தரத் தாளில் கேட்பது பைத்தன். திருநெல்வேலி ஐயா கவலைப்பட வேண்டிய உண்மையான சிக்கலை இருவருமே தொடவில்லை. 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைக்கலாம்: ஒற்றைக் குறியாக, அல்லது கெ போட்டுப் பின்னால் கால் சேர்த்து. கண்ணுக்கு ஒன்று. மாறிப் பெயரில் என்றால் பைத்தன் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சரத்துக்குள் என்றால் ஒன்றாக்காது. சாவகச்சேரிப் பிள்ளை ஒரு விசைப்பலகையில் கொழும்பான் என்று அடித்து, அப்பா வேறொன்றில் அடித்தால், இரண்டும் சமமா என்ற கேள்விக்கு இல்லை என்றே விடை வரும். யுனிகோட்டேட்டா என்ற தொகுதியில் (இறக்குமதி செய்து பாவிக்கும் ஆயத்த நிரல்) இரண்டையும் ஒரே வடிவாக்கும் நார்மலைஸ் உண்டு. ஒப்பிடும் முன் இரண்டையும் அதற்குள் விட்டு எடுங்கள்.

சரத்தின் நீளம் சொல்லும் லென் கட்டளையும் இப்படித்தான். 'யாழ்ப்பாணம்' என்று கொடுத்தால் 11 என்கிறது. நமக்கு ஆறு எழுத்து. பைத்தன் கால் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதையே தலைகீழாக்கச் சொன்னால் புள்ளி இடம் மாறிப் போய் வேறு மெய்யின் தலையில் உட்காரும். எழுத்தாக எண்ண வேண்டுமானால் ஓப்பன்-தமிழ் என்ற தொகுதியை நிறுவுங்கள்.

திருநெல்வேலி, ரியூசன் ஆசிரியர்: இதைத்தான் சொன்னேன், தமிழ் வந்தால் சிக்கல் வரும்.

சரத்தில் தமிழ் வரத்தான் செய்யும் ஐயா, நெல்லியடி அச்சகம் ஆங்கிலத்தில் கலியாணக் கார்டு அடிக்கப்போவதில்லை. இதோடு இந்த விவாதத்தை நிறுத்துகிறேன், வரிசையில் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

பருத்தித்துறை: (திரையைப் போனில் எடுத்த படம்) சேர் பிழை வருகிறது.

படத்தில் உங்கள் விரல் தெரிகிறது, கடைசி வரி தெரியவில்லை.

இணுவில்: எந்த மடிக்கணினி வாங்குவது?

கடைக்காரரைக் கேளுங்கள். பைத்தனுக்கு வீட்டில் கிடக்கும் பழையதே போதும்.

கொக்குவில்: தற்செயல் எண் தரும் ரேண்டம் தொகுதியைப் பழக 'ரேண்டம்' என்ற பெயரிலேயே கோப்பு வைத்தேன். ரேண்டின்ட் என்பதே அதில் இல்லை என்கிறது.

இல்லைதான். பைத்தன் முதலில் உங்கள் கோப்புறையில் தேடும், அங்கே உங்கள் கோப்பே அகப்படும். நிரல் தன்னைத்தானே இறக்குமதி செய்துகொள்கிறது. கோப்பின் பெயரை மாற்றுங்கள். கடைசி வரியை வாசித்து அனுப்பியதற்கு நன்றி. இன்றைக்கு அப்படிச் செய்தவர்கள் குறைவு.

வேலணை: புள்ளிப் பட்டியலைப் பிரதியெடுத்து வைத்துவிட்டு மூலத்தில் ஒரு புள்ளியை மாற்றினேன். பிரதியும் மாறிவிட்டது!

'பிரதி = புள்ளிகள்' என்று எழுதியிருப்பீர்கள். அது பிரதியெடுக்கவில்லை தம்பி, அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர் சூட்டியது. வீட்டில் ராசன், பள்ளியில் இராஜேந்திரன் என்பது போல. இராஜேந்திரனுக்குக் காய்ச்சல் என்றால் ராசனுக்கும் காய்ச்சல். உண்மையான பிரதி வேண்டுமானால் 'புள்ளிகள்' என்பதோடு புள்ளி வைத்துக் காப்பி என்று எழுதி, வெறும் அடைப்புக்குறி போடுங்கள். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால், உதாரணமாக ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று தவணைப் புள்ளி, இது போதாது. உள்ளே இருப்பவை பழையபடி பகிரப்பட்டே இருக்கும். அதற்கு காப்பி என்ற தொகுதியில் டீப்காப்பி இருக்கிறது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, ஒன்றின் அடையாள எண்ணைத் தரும் ஐடி என்ற சார்பை மூலத்தின் உள்பட்டியலுக்கும் பிரதியின் உள்பட்டியலுக்கும் போட்டு வரும் எண்களை ஒப்பிடுங்கள்.