எல்லாச் சத்தமும் லேப்டாப்பிலேயே கிடைக்கும்போது, 40 வருடப் பழைய சிந்தசைசரை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குவது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் போட்டிருக்காவிட்டால் இந்தக் கேள்வியைக் கடந்து போயிருப்பேன். உங்கள் வீட்டில் மகனோ தம்பியோ ரோலண்ட் கம்பெனியின் பழைய சிந்தசைசர் (மின்னணு முறையில் சத்தத்தை உண்டாக்கும் கீபோர்டு) ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார், உங்களுக்கு அது வீண் செலவாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, எல்லாம் போவேன். என்னிடம் ஒரு ரோலண்ட் ஜூனோ 106 இருக்கிறது. 1984-ல் வந்த மாடல். எங்கள் பழைய குழுவின் முதலாளி சிங்கப்பூரிலிருந்து ஆள் மூலமாக வரவழைத்தது. வயதாகிக் குழுவைக் கலைத்தபோது, “நீதான் இதை ஒழுங்கா வச்சுக்குவ” என்று என்னிடம் கொடுத்தார். இன்றைக்கு அதைக் கேட்டு ஆள் வருகிறார்கள், நல்ல விலையும் சொல்கிறார்கள். கொடுப்பதாக இல்லை.

முதலில் ஒன்று. லேப்டாப் மட்டம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஸ்டூடியோவுக்குப் போனால் நானும் சாஃப்ட்வேர் சிந்த்தான் பயன்படுத்துகிறேன். பாட்டு முழுசாகக் கலந்து வெளியே வந்த பிறகு, இதில் எது நிஜ ஜூனோ, எது சாஃப்ட்வேர் என்று கேட்டுக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். அனலாக் என்றால் கணக்குப் போடாமல் மின்சுற்றே சத்தத்தை உண்டாக்குவது. “அனலாக் என்றாலே கதகதப்பு” என்று சொல்லியே விலையை ஏற்றுகிற வியாபாரிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்பது யமஹா டிஎக்ஸ் 7 என்றால், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1983-ல் வந்த அந்தக் கருவி உலகத்தையே மாற்றியது உண்மை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையை, அதாவது ஒரு அலையால் இன்னொரு அலையை ஆட்டிச் சத்தம் உண்டாக்கும் முறையை, யமஹா உரிமம் வாங்கிச் செய்தது. அந்தக் காலத்துப் பாட்டுகளில் மணி அடித்த மாதிரி வரும் எலக்ட்ரிக் பியானோ பல இடங்களில் அதுதான். ஆனால் அது டிஜிட்டல். உள்ளே நடப்பது கணக்கு. அந்தக் கணக்கை டெக்ஸெட் (Dexed) என்கிற இலவச சாஃப்ட்வேர் அப்படியே போடுகிறது, அசல் டிஎக்ஸ் 7-ன் டோன்களையே அதில் ஏற்றிக்கொள்ளலாம். தவிர அந்தக் கருவியில் திருகுவதற்கு ஒன்றும் இல்லை. முகப்பு முழுக்கச் சப்பையான பட்டன்கள், மதிப்பை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர். சொந்த டோன் உண்டாக்குவது அவ்வளவு சிரமம் என்பதால்தான் ஊர் உலகமெல்லாம் கம்பெனி கொடுத்த டோனையே வாசித்தது.

ஜூனோ அப்படி இல்லை. அதன் முகப்பில் சத்தம் எந்த வழியில் போகிறதோ அந்த வரிசையிலேயே ஸ்லைடர்களும் இருக்கும். இடப்பக்கம் சத்தத்தை மெதுவாக ஆட்டுகிற எல்எஃப்ஓ, அடுத்து அலை பிறக்கிற டிசிஓ, அடியை வெட்டுகிற ஹெச்பிஎஃப் ஃபில்டர், உச்சியை வெட்டுகிற விசிஎஃப் ஃபில்டர், பிறகு சத்த அளவைப் பார்த்துக்கொள்கிற விசிஏ, சுரம் எழுந்து அடங்கும் விதத்தை அமைக்கிற என்வலப், வலது ஓரத்தில் சத்தத்தை அகலமாக்குகிற கோரஸ். ஒரு ஸ்லைடருக்குப் பெரும்பாலும் ஒரே வேலை. டோனைத் திருத்த மெனுவுக்குள் மெனுவாகப் போக வேண்டியதில்லை. விளக்கு அணைந்த மேடையிலும் கட்-ஆஃப், அதாவது உச்சியை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று சொல்கிற ஸ்லைடர், எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும்.

இதில் வெளியே தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஜூனோவின் கட்டைகளுக்கு டச் கிடையாது. அடித்து வாசித்தாலும் சரி, மெதுவாகத் தொட்டாலும் சரி, ஒரே சத்தம்தான். புதிதாக வாசிக்கிறவர்கள் இதைக் குறை என்பார்கள். எனக்கு இதுதான் அந்தக் கருவியின் உயிர். உணர்ச்சியைக் கட்டையில் காட்ட முடியாததால் அதை வேறு எங்காவது காட்டியாக வேண்டும். சரணம் முடிந்து பாடகி மேல் ஸட்ஜத்தைப் பிடித்து நிற்கும்போது, வலது கை ஸ்ட்ரிங்ஸ் டோனில் கார்டைப் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) பிடித்திருக்க, இடது கை கட்-ஆஃபை மெல்ல மேலே தள்ளும். மூடியிருந்த சத்தம் அவர் குரலுக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். எவ்வளவு வேகத்தில் திறக்க வேண்டும் என்பதை அவருடைய மூச்சைப் பார்த்து அந்த நேரத்தில்தான் முடிவு செய்வேன். இதையே லேப்டாப்பில் மவுஸால் கோடு வரைந்து செய்யலாம். ஆனால் அந்தக் கோடு நேற்று வரைந்தது, பாடகி இன்றைக்குப் பாடுகிறார்.

லேப்டாப்போடு சேர்த்து நாலு நாப் (திருகு) வைத்த கன்ட்ரோலர் வாங்கினால் போதாதா என்று கமெண்டில் கேட்பீர்கள். போதும், பலருக்குப் போதும். எந்த நாப் எந்த டோனில் எதைச் செய்யும் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறாமல் நீங்கள் வைத்துக்கொண்டால் உங்களுக்கும் அந்தக் கைப்பழக்கம் வரும். பெரும்பாலோர் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஜூனோவில் மாற்ற முடியாது, அவ்வளவுதான்.

“ஜூனோவே முழு அனலாக் இல்லையே” என்று இன்னொரு குழு வரும். டிசிஓ என்றால் சுருதியை மட்டும் ஒரு டிஜிட்டல் கடிகாரம் பிடித்து நிறுத்துகிறது, அலையும் ஃபில்டரும் அனலாக்தான். திருவிழா மேடையில் ராத்திரிப் பனியில் சுருதி நகராமல் நிற்பது அதனால்தான்.

சத்தத்தை விட எனக்கு முக்கியமான இன்னொரு காரணம், இதைத் திறந்து பழுது பார்க்கலாம் என்பது.

ஒரு தடவை என் ஜூனோவில் வேகமாக வாசித்தால் இடையிடையே ஒரு சுரம் மட்டும் படபடவென்று வெடித்துக்கொண்டு வந்தது. கருவிக்குள் மொத்தம் ஆறு குரல்கள், அதாவது ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை ஒலிக்கிற தனித்தனி மின்சுற்றுகள், கட்டையை அழுத்த அழுத்த அவை முறை வைத்துக்கொண்டு ஒலிக்கும். அதில் ஒன்று கெட்டிருக்கிறது என்று அர்த்தம். நகரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். “போர்டு போச்சு சார், இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது, எக்ஸ்சேஞ்சுல புதுசு பாருங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு எங்கள் பகுதியில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பார்க்கிற ஒரு அண்ணனிடம் எடுத்துப் போனேன். சர்வீஸ் மேனுவலைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் போட்டால் டெஸ்ட் மோடுக்குப் போகும், ஒவ்வொரு கட்டைக்கும் எந்தக் குரல் ஒலிக்கிறது என்று எண் காட்டும். நாலாவது குரல் என்று தெரிந்தது.

“அண்ணே, சிப்பு செத்துப்போச்சுங்கிறாங்களே?”

“சிப்பு சாகல தம்பி. மேல பூசியிருக்கான் பாரு, அதுலதான் கரண்டு கசியுது.”

அவர் சொன்னது அப்படியே சரி. அந்தச் சிப்புக்கு 80017ஏ என்று பெயர், ஒவ்வொரு குரலுக்கும் ஃபில்டரும் விசிஏவும் இதற்குள்தான். சின்னத் தகட்டில் பாகங்களைப் பற்றவைத்து, மேலே ரெசின் பூசியிருப்பார்கள். வருடக்கணக்கில் அந்தப் பூச்சு கெட்டு, மின்சாரம் போகக் கூடாத இடங்களுக்குக் கசிய ஆரம்பிக்கும். ஜூனோ 106 வைத்திருப்பவர்கள் எல்லா நாட்டிலும் சந்திக்கிற சிக்கல் இது. அண்ணன் அந்த மாட்யூலை ஈயம் உறிஞ்சிக் கழற்றினார், ஹார்லிக்ஸ் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி அதில் போட்டு மூடினார். பூச்சு ஊறி, உப்பி, தோலாக உரிந்து வந்தது. உள்ளே குட்டி குட்டி ரெசிஸ்டர்கள் பளிச்சென்று தெரிந்தன. பிரஷ்ஷால் மிச்சத்தைத் தட்டி எடுத்து, காயவைத்து, திரும்பப் பற்றவைத்தார். மற்ற ஐந்து குரல்களோடு இதன் ஃபில்டர் ஒத்துப்போகும்வரை, போர்டில் இருக்கிற சின்னத் திருகுகளை மீட்டரைப் பார்த்து நிதானமாகத் திருப்பினார். அதற்குப் பிறகு வாசித்தபோது எது நாலாவது குரல் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நாற்பது வயசுக் கருவி, ஹார்டுவேர் கடை அசிட்டோனில் பிழைத்துக்கொண்டது. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு சாஃப்ட்வேர் சிந்த், கம்ப்யூட்டரை அப்டேட் செய்த மறுநாள் திறக்கவே இல்லை. 32 பிட் நிரல் இனி ஓடாது என்று ஒரு வரிச் செய்தி. அதைச் செய்த கம்பெனியும் கையை விரித்துவிட்டது. அதற்கு எந்த அண்ணனிடம் போவது?

“பழசு என்பதாலேயே மதிப்பு” என்று நான் சொல்லவில்லை. பல கருவிகள் வந்த நேரத்தில் யாருக்கும் வேண்டாதவை. ரோலண்ட் டிபி 303 நல்ல உதாரணம். தனியாக கிடார் பயிற்சி செய்கிறவர்களுக்கு பேஸ் வாசித்துத் துணை நிற்கும் என்று 1981-ல் விற்றார்கள். பேஸ் கிடார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை, 1984-லேயே நிறுத்திவிட்டார்கள். மலிவு விலைக்குப் பழைய பொருள் கடைகளுக்கு வந்ததால் சிகாகோ பையன்கள் கையில் கிடைத்தது. கருவி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் ஃபில்டரைத் திருகித் திருகி வாசித்தார்கள், ஆசிட் ஹவுஸ் என்று ஒரு இசையே பிறந்தது. ஃபியூச்சர் குழுவின் “ஆசிட் டிராக்ஸ்” வெளிவந்தது 1987-ல்.

அதற்கு முன்னாலேயே, 1982-ல், பம்பாயில் சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், அதே 303-ஐயும் டிஆர் 808 டிரம் மெஷினையும் ஜூப்பிட்டர் 8 சிந்தசைசரையும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் செய்தார். பூபாலி, மால்கௌன்ஸ், கலாவதி, அதாவது நம் மோகனம், ஹிந்தோளம், வலஜி, எல்லாம் அதில் உண்டு. 303-ல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகிற ஸ்லைடு வசதி இருக்கிறது. மேற்கே அதை ஒரு வேடிக்கைச் சத்தமாகப் பார்த்தார்கள், இவர் அதில் ஜாரு என்ற நம் கமகத்தைப் பார்த்திருக்கிறார். அந்த ஆல்பம் அப்போது விற்கவில்லை. 2010-ல் வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. வயதான காலத்தில் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார், 2015-ல் காலமானார். கருவி வாங்குவதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் அந்த ஆல்பத்தை ஒரு முறை முழுசாகக் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் மனதில் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். சினிமாவுக்கு வாசித்த எத்தனை பேரின் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்? மேடையிலும் அதே கதைதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து வயர் இழுத்து, சவுண்ட் செக் பார்த்து, பதினோரு மணிவரை வாசிக்கிறவனைப் பந்திக்குக் கூப்பிட ஆள் இருக்காது. கடைசியில் “பாட்டுக்காரங்களுக்கு ஏதாவது இருக்கா பாருங்க” என்று யாராவது சமையல்கட்டுக்குக் குரல் கொடுப்பார்கள். சாம்பார் தீர்ந்திருக்கும். இப்போது அதுவும் போய், “ஆள் எதுக்கு, டிராக்கைப் போட்டுப் பாடச் சொல்லுங்க, பட்ஜெட் குறையும்” என்கிறார்கள். கல்யாணம் வைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வாசிக்க வருகிறவர்களை முதல் பந்தியிலேயே உட்கார வையுங்கள். இதைக் கேட்க எனக்குக் கூச்சம் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை கேட்பது அனலாக் கருவியா, கையில் திருக ஸ்லைடரோ நாபோ இருக்கிறதா என்று பாருங்கள். கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் மிடி இருக்கிறதா என்றும் பாருங்கள். 1983-ல் வந்த அந்த ஐந்து முள் இணைப்பு இன்றைய லேப்டாப்போடும் பேசும், ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் போதும், ஆக லேப்டாப்பா சிந்த்தா என்று சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் பழுது பார்க்கிற ஆள் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம், நிஜமாகவே சொல்கிறேன்.

அது ஜூனோ 106 என்றால் டெஸ்ட் மோடில் போட்டு ஆறு குரலையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒவ்வொரு சுரத்தையும் நீளமாகப் பிடித்து, விட்ட பிறகும் காதை வைத்திருங்கள், கசிகிற சிப் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். கோரஸ் போட்டதும் வருகிற உஸ்ஸென்ற இரைச்சல் எல்லா ஜூனோவிலும் உண்டு, அதைக் காட்டி விலை குறைக்க வேண்டாம். ஆறில் ஒரு குரல் வெடித்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். திறந்து பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.