கீரை ஸ்மூத்திக்கு எந்த பிளெண்டர்?

கேள்வி: நானும் கணவரும் தினமும் காலையில் பாலக் கீரை, வாழைப்பழம், இஞ்சி சேர்த்து ஸ்மூத்தி குடிக்கிறோம். மிக்ஸியின் பெரிய ஜாரில் அடித்தால் இலைத் துணுக்குகள் பல்லில் மாட்டுகின்றன. சார்ஜ் போடும் பாட்டில் பிளெண்டர் போதுமா? அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், அங்கிருந்தே நல்லதாக ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார்.

பதில்: முதலில் அண்ணனைத் தடுத்து நிறுத்துங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அந்த பிளெண்டரை நம் பிளக்கில் நேராகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். 600 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைக்கலாம்தான், ஆனால் ஸ்மூத்திக்காக அடுப்படியில் ஒரு செங்கல் எதற்கு?

சார்ஜ் பாட்டில், பழுத்த வாழைப்பழத்தைப் பாலில் கலக்குவதற்குச் சரி. கீரைக்கு ஆகாது. இலை லேசானது, பிளேடிடமிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். நல்ல வேகம் இருந்தால்தான் சுழல் உண்டாகி இலையை உள்ளே இழுக்கும்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பெரிய ஜாரில் இரண்டு பேருக்கான அளவைப் போட்டால் இலை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சின்ன ஜாரில் கீரையையும் கொஞ்சம் தண்ணீரையும் மட்டும் அரை நிமிடம் அரைத்துவிட்டு, அப்புறம் பழத்தைப் போடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? கப்பைக் கவிழ்த்து மாட்டுகிற, பிளக்கில் ஓடும் வகையை வாங்குங்கள். பாலக்குக்கு 400 வாட் போதும். முருங்கைக்கீரை, உறைந்த பழம் எல்லாம் போடுவீர்கள் என்றால் 600. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட், மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் கணக்குதான்; அரைக்கும் திறமை பிளேடையும் கப்பின் வடிவத்தையும் பொறுத்தது. இருவருக்கு 700 மில்லி கப் வசதி.

கடையில் நான் முதலில் பார்ப்பது கப்பின் விளிம்பில் இருக்கும் மூன்று குட்டி பிளாஸ்டிக் காதுகளைத்தான். அவைதான் உள்ளே இருக்கும் சுவிட்சை அழுத்தி மோட்டாரை ஓட வைக்கின்றன. என் முதல் பிளெண்டரில் ஒரு காது உடைந்தது. கப் மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. நல்ல மோட்டார் இன்னும் பரணில் தூங்குகிறது. அதனால் கப், பிளேடு, வாஷர் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பணத்தைக் கொடுங்கள்.

இதில் போடும் வரிசை மிக்ஸிக்கு நேர் எதிர்: அடியில் கீரை, மேலே பழம், கடைசியில் தண்ணீர். கவிழ்த்ததும் தண்ணீர் பிளேடு பக்கம் வந்துவிடும். ஒரே மூச்சில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். சூடான எதையும் மூடிய கப்பில் அடிக்கவே கூடாது, அழுத்தம் ஏறித் தெறிக்கும். (யாருக்காவது சிறுநீரகக் கல் வந்திருந்தால், தினமும் பச்சைப் பாலக் குடிப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.)

குடித்த கையோடு வாஷரைக் கழற்றிக் கழுவிவிடுங்கள். கீரை அதில் காய்ந்து ஒட்டினால் அந்த வாடை லேசில் போகாது.